டோபமைன்தான் சந்தோஷமா?

இனிப்பு சாப்பிடும்போது வருகிற சந்தோஷம் டோபமைன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டோபமைன் என்பது மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்துகிற ஒரு வேதிப்பொருள்; அதை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று சொல்லிச் சொல்லியே எல்லோரையும் குழப்பிவிட்டார்கள். டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் வழக்கம்போல நாக்கைச் சுழற்றி ரசிக்கிறது, ஆனால் பக்கத்திலேயே சாப்பாடு இருந்தாலும் போய்த் தின்னாது, ஊட்டாவிட்டால் பட்டினிதான்! ருசி இருக்கிறது, தேடிப் போகிற உந்துதல் இல்லை.

நரம்பியல் விஞ்ஞானி வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் பார்த்தது இன்னும் அருமை. முதலில் பழச்சாறு வாயில் விழுந்ததும் டோபமைனைச் சுரக்கிற மூளைச் செல்கள் துடித்தன; விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகியபின் விளக்கைக் கண்டதுமே துடித்தன, சாற்றுக்கு அசையவில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, சரியாக அது வரவேண்டிய நேரத்தில் அடங்கிப்போயின. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்ற வித்தியாசத்தைத்தான் அவை சொல்கின்றன.

அப்புறம், உடல் அசைவுக்கும் டோபமைன் வேண்டும். நடுமூளையில் இந்தச் செல்கள் அழிவதால்தான் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. டோபமைனையே கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால்தான் உள்ளே போய் டோபமைனாக மாறுகிற லெவோடோபா மாத்திரையைக் கொடுக்கிறார்கள்.