பெட்டி சொன்னால் போதாது
காசு கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறோம். சாயங்காலக் கூட்டத்தில் ஒருவர் 80 ரூபாய் அனுப்பியதாகப் பச்சை டிக்கைக் காட்டினார். பணம் வந்தால் குரலில் சொல்லும் எங்கள் சவுண்ட் பாக்ஸ் வாயே திறக்கவில்லை. “என் கணக்குல கழிஞ்சிடுச்சுங்க” என்று சாதிக்கிறார். யாரை நம்புவது?

பதில்: பெட்டியையும் நம்ப வேண்டாம், அவர் போனையும் நம்ப வேண்டாம். பணம் அவருடைய வங்கியிலிருந்து கிளம்பி, யுபிஐயை நடத்துகிற என்.பி.சி.ஐ. வழியாக உங்கள் வங்கிக்கு வந்து சேர்கிறது. பெட்டி பேசுவது அதற்கப்புறம் நடக்கிற தனி வேலை. உங்களுக்குக் கியூஆர் கொடுத்த நிறுவனம், பெட்டிக்குள் இருக்கிற சிம்முக்கு ஒரு தகவல் அனுப்பினால்தான் அது குரல் கொடுக்கும். சார்ஜ் இறங்கியிருந்தாலோ சிக்னல் திணறினாலோ பணம் வந்திருக்கும், பெட்டி ஊமையாக இருக்கும். இன்னொரு பக்கம், பச்சை டிக்கை அச்சு அசலாகக் காட்டுகிற போலிச் செயலிகளும் நடமாடுகின்றன.

பார்க்க வேண்டியது உங்கள் வியாபாரச் செயலியில் இருக்கும் வரவுப் பட்டியல். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் 12 இலக்க யுடிஆர் எண் உண்டு. அவர் போனில் தெரிகிற கடைசி நாலு இலக்கத்தை உங்கள் பட்டியலில் தேடுங்கள். தட்டுவடை மேல் கேரட், பீட்ரூட் துருவலைத் தூவி முடிப்பதற்குள் பார்த்துவிடலாம். எண்ணெய்க் கையோடு போனைத் தொட முடியாதென்றால், காசு வாங்க நிற்பவர் கையில் அந்தச் செயலி இருக்கட்டும்.

பட்டியலில் இல்லையென்றால் அந்த டிக் போலியாக இருக்கலாம், அல்லது பணம் வழியில் நிற்கலாம். வழியில் நிற்கிற பணத்துக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு வைத்திருக்கிறது. கடைக்கு அனுப்பிய பணத்துக்குக் கடையில் உறுதி வராவிட்டால், பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து 5 நாளைக்குள் அது வாடிக்கையாளர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பியதென்றால் கெடு ஒரே நாள். எண்ணுவது காலண்டர் நாள்தான். ஞாயிறு, பண்டிகை என்று கழிக்க முடியாது. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலே தர வேண்டும். ஆகவே 80 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு, யுடிஆர் எண்ணை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கே வரவாகிவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தினமும் கடை விரித்ததும் உங்கள் கியூஆரை வேறொரு போனில் ஸ்கேன் செய்து, என்ன பெயர் வருகிறதென்று பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாக மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினாலே தெரிந்துவிடும்.

கேள்வி: ஜிபேயில் வாங்கினால் ஜிஎஸ்டி நோட்டீஸ் வரும் என்று பக்கத்து வண்டிக்காரர் கியூஆரைக் கிழித்தே போட்டுவிட்டார். நாங்களும் எடுத்துவிடலாமா? (அதே வாசகர்)

பதில்: கிழித்ததால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. வரம்பு மொத்த விற்பனைக்குத்தான். ரொக்கமும் அதில் சேர்த்தி. பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம். சமைத்துப் பரிமாறுவது சேவைக் கணக்கில் வருவதால் உங்கள் வரம்பு 20 லட்சம். 365 நாளும் கடை போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 5,480 ரூபாய். கூட்டம் நிற்கிற வண்டிக்கு இது பெரிய தொகை அல்ல. நெருங்கினால் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்கு, விற்பனையில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டிவிடுகிற இணக்கத் திட்டம் (காம்போசிஷன்) இருக்கிறது. வரிவிலக்குள்ள பூ, காய்கறி மட்டும் விற்பவர்களுக்குப் பதிவே தேவையில்லை.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனது உண்மை. அது போன்ற நேரத்தில் மாட்டிக்கொள்வது, சீட்டுப் பணம், கைமாற்று, மச்சான் அனுப்பியது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வாங்குகிறவர்கள். எது விற்பனை, எது இல்லை என்று பிரித்துக் காட்ட அவர்களிடம் ஒன்றும் இருக்காது. கடைக்குத் தனிக் கணக்கு, தனிக் கியூஆர் வைத்துக்கொள்ளுங்கள்.

வருமான வரியில் டிஜிட்டலுக்குச் சலுகையே உண்டு. விற்பனையில் ஒரு பங்கையே லாபம் என்று எடுத்துக்கொள்கிற உத்தேச லாபக் கணக்கில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம். 18 லட்சம் விற்பனை முழுதும் ரொக்கமென்றால் லாபம் 1,44,000. முழுதும் யுபிஐ என்றால் 1,08,000.

கேள்வி: செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம். வெளியூர்க்காரர் 1,80,000 ரூபாய் அனுப்பப் பார்த்தால் ஒரு லட்சத்தோடு நின்றுவிடுகிறது. நகைக்கு வரம்பை உயர்த்திவிட்டார்கள் என்கிறார்களே?

பதில்: உயர்த்தியது உண்மை. 2025 செப்டம்பர் 15 முதல் நகை வாங்க ஒரு தடவைக்கு 2 லட்சம், நாளொன்றுக்கு 6 லட்சம். ஆனால் அது சரிபார்க்கப்பட்ட வணிகக் கணக்குக்கு மட்டும். உங்கள் கியூஆர் சொந்தக் கணக்குடையதாக இருந்தாலோ, பதிவின்போது வகை “மளிகை”, “இதர” என்று விழுந்திருந்தாலோ பழைய ஒரு லட்சம்தான். கியூஆர் கொடுத்த நிறுவனத்திடம் வணிக வகைக் குறியீட்டைக் கேட்டு, நகை என்று மாற்றச் சொல்லுங்கள். அவருடைய வங்கி தன் பங்குக்குக் குறைந்த வரம்பு வைத்திருக்கலாம். அவர் புதுப் போனில் அன்றுதான் பதிவு செய்திருந்தால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது.

அதுவரை வங்கிக்கு வங்கி அனுப்புகிற நெஃப்ட் போதும், 2019 டிசம்பரிலிருந்து ராத்திரியிலும் ஓடுகிறது. பெரிய தொகைக்கான ஆர்டிஜிஎஸ் 2 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். ரொக்கமாக வாங்கிவிடலாம் என்று நினைத்தால், 2 லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்கினால் அதே அளவு அபராதம்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கடை. மழை நாளில் யாராவது பணம் அனுப்பினால் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: செயலியிலேயே சிறு தொகையை முன்கூட்டிப் போட்டு வைக்கிற யுபிஐ லைட் வைத்திருப்பவர்களை அதில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 1,000 ரூபாய், லைட்டில் 5,000 வரை வைக்கலாம். பின் எண் கிடையாது, வங்கியின் மையக் கணினியையும் அப்போதைக்குத் தொடுவதில்லை. வங்கி சர்வர் மந்தமாக இருக்கும்போது இது தப்பிக்கும். டேட்டா சுத்தமாக இல்லையென்றால் இதுவும் நிற்கும்.

அப்போது *99#. இணையம் வேண்டாம், பட்டன் போன் போதும், தமிழிலும் வரும். வங்கியில் கொடுத்த எண்ணிலிருந்து டயல் செய்து, பணம் அனுப்ப 1 அழுத்தி, கடைக்காரர் மொபைல் எண், தொகை, பின். வரம்பு 5,000. முதல் தடவை பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்கும். நடுவில் யோசித்துக்கொண்டு நின்றால் இணைப்பு அறுந்து மறுபடி முதலிலிருந்து வரவேண்டும், எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: குகையில் ஒரு கடையில் 2,000 ரூபாய்க்கு மேல் ஜிபே என்றால் 1 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். இது சட்டமா?

பதில்: இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து போகிற யுபிஐக்கு 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரருக்குக் கட்டணமே கிடையாது. அவர் கட்டாததை உங்களிடம் எப்படி வசூலிப்பார்? ரூபே கிரெடிட் கார்டை இணைத்தோ, வாலட்டிலிருந்தோ 2,000க்கு மேல் கொடுத்தால் கட்டணம் உண்டு, அதைச் சுமக்க வேண்டியதும் கடைத் தரப்பு. அந்த அரைகுறைச் செய்திதான் 2023இல் “ஜிபேக்கு 1.1 சதவீதம்” என்று ஊர் முழுக்கப் பரவியது.

இலவசமாக இருந்ததால்தான் இவ்வளவு வளர்ந்தது. 2017-18இல் ஆண்டு முழுக்கச் சுமார் 92 கோடிப் பரிமாற்றம். 2025 ஆகஸ்டில் அந்த ஒரு மாதம் மட்டும் 2,000 கோடியைத் தாண்டியது. செலவை யார் ஏற்பது என்பதுதான் தீராத வழக்கு. 2024-25க்குச் சிறு கடைகளின் 2,000 ரூபாய் வரையான வரவுக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று மத்திய அரசு 1,500 கோடி ஒதுக்கியது. போட்ட காசை எடுக்கப் பெட்டி வாடகை, கடைக்காரர்களுக்குக் கடன் கொடுப்பது என்று நிறுவனங்கள் போகின்றன. சந்தையில் பெரும்பங்கு போன்பே, கூகுள் பே இரண்டிடமும் இருக்கிறது. ஒரு செயலிக்கு 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020இல் போட்ட விதி, தள்ளித் தள்ளி 2026 முடிவுக்குப் போயிருக்கிறது.

கேள்வி: ஓமலூரில் என் அம்மா “பணம் வாங்க பின் போடுங்க” என்று சொன்னவனிடம் 9,000 ரூபாயை விட்டுவிட்டார். திரும்ப வருமா?

பதில்: வாங்குவதற்கு எந்த நாளும் பின் கிடையாது. இப்போதே சைபர் மோசடி உதவி எண் 1930க்குப் பேசி யுடிஆர் எண்ணைச் சொல்லுங்கள். பணம் எடுக்கப்படுவதற்குள் சொன்னால் அந்தக் கணக்கில் முடக்க வழியுண்டு. வங்கியிலும் எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். தெரியாமல் நடந்த திருட்டை 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை என்ற விதி, தானே பின் போட்டவருக்குப் பொருந்தாது; வங்கியிடம் சொல்லும்வரை போனது அவர் பொறுப்பு, சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். விவரம் கேட்க 14448.