ஒரே நாளில் கரும்புத் தோட்டமும் சதுப்புக் காடும்: நியூ ஆர்லியன்ஸில் எந்தச் சுற்றுலா நல்லது?

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 70 வயது, கூட்டுறவு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு. மகளுக்கு 9 வயது, முதலை பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கிறிஸ்துமஸ் விடுமுறையிலோ மார்ச் கடைசியிலோ நியூ ஆர்லியன்ஸ் போகலாம் என்று திட்டம். அங்கே பழைய பிளான்டேஷன் (பெரிய தோட்டப் பண்ணை) ஒன்றையும் சதுப்புக் காட்டையும் சேர்த்து ஒரே நாளில் காட்டும் வழிகாட்டிச் சுற்றுலாக்கள் நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது? அடிமைகளை வைத்து வேலை வாங்கிய இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா? நாங்கள் சைவம்.

பதில்: முதலில் மாதத்தை முடிவு செய்வோம், மற்றதெல்லாம் அதைப் பொறுத்துதான். மகள் முதலை பார்த்தே ஆக வேண்டும் என்றால் மார்ச் கடைசியில் போங்கள். அங்கே இருப்பது அமெரிக்க அலிகேட்டர் முதலை. வெயிலை நம்பி வாழும் பிராணி. வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கரையோரப் பொந்திலோ தண்ணீருக்கு அடியிலோ அசையாமல் கிடக்கும், இரைகூட எடுக்காது. டிசம்பரில் நல்ல வெயில் அடிக்கிற மதியத்தில் ஒன்றிரண்டு வெளியே வரலாம். ஆனால் அதை நம்பிக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு ஜனவரியில் நான் போனபோது ஒன்றரை மணி நேரம் படகில் சுற்றியும் ஒரு வால் நுனிகூடக் கண்ணில் படவில்லை. மார்ச் கடைசியில் அவை மரக்கட்டைகள் மேல் ஏறிக் காய்ந்துகொண்டிருக்கும். சைப்ரஸ் மரங்களும் புது இலை விட்டிருக்கும். ஊசியிலை மரம்தான் என்றாலும் குளிர்காலத்தில் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கிற மரம் அது.

டிசம்பருக்கும் ஒரு நியாயம் உண்டு, அது உங்கள் அப்பாவுக்காக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை லூசியானாவில் கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும், மிசிசிப்பி ஆற்றோரச் சாலையில் கரும்பு வண்டிகள் ஓடும். அந்தப் பருவத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் அரவைதான். வெட்டிய கரும்பைப் போட்டுவைத்தால் சாற்றில் சர்க்கரை குறைந்துகொண்டே போகும் என்று அப்பாவுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதோடு லூசியானாவில் உறைபனியும் விழும். பனி முந்திக்கொண்டால் நிற்கிற பயிரே போய்விடும். அதனால் அந்த இரண்டு மூன்று மாதங்களில் ஆலையும் கொப்பரையும் இரவு பகலாக ஓடியாக வேண்டும். அடிமைமுறை இருந்த காலத்தில் கரும்புத் தோட்டம் அத்தனை கொடுமையான இடமாக இருந்ததற்கு இந்த அவசரமும் பெரிய காரணம். தூக்கமில்லாத ஆட்கள், கொதிக்கும் சாறு, விரலை இழுத்துக்கொள்ளும் உருளைகள்.

இன்னொன்றும் அப்பாவிடம் சொல்லுங்கள். சர்க்கரை ஆலைகளில் வரிசையாக நிற்குமே, சாற்றைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டர், ஒன்றில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்ததைக் கொதிக்க வைக்கிற அந்த ஏற்பாடு, அது நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவருடைய மூளையில் உதித்தது. நார்பெர் ரிய்யூ, பிறந்த ஆண்டு 1806. தந்தை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி, தாய் அடிமையல்லாத கறுப்பினப் பெண். பாரிஸில் படித்துவிட்டு வந்து 1840களில் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு திறந்த கொப்பரைகளை வரிசையாக அடுப்பில் ஏற்றி, கொதிக்கும் சாற்றை அடிமைகள் கரண்டியால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அள்ளி ஊற்றினார்கள். இன்று பல பண்ணைகளில் அந்த இரும்புக் கொப்பரைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அப்பா அங்கே கொஞ்ச நேரம் நிற்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் வைத்துப் பார்த்தால் மார்ச்தான். வெட்டு இல்லாவிட்டாலும் கொப்பரையும் கதையும் அங்கேயே இருக்கும், குளிரில் முதலைதான் இருக்காது.

இனிச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். பெரும்பாலான நிறுவனங்கள் பிளான்டேஷனைக் காலையில் பார்க்கும் அழகான மாளிகையாகவும், சதுப்பை மதியம் பார்க்கும் மிருகக்காட்சியாகவும் பிரித்து விற்கின்றன. உண்மையில் இரண்டும் ஒரே நிலத்தின் முன்வாசலும் கொல்லையும். மிசிசிப்பி ஆண்டாண்டாக வண்டல் கொண்டுவந்து கொட்டியதில் ஆற்றங்கரை மேடாகிவிட்டது, கரையை விட்டு விலக விலக நிலம் தாழ்ந்துகொண்டே போகும். பிரெஞ்சுக்காரர்கள் நிலத்தை ஆற்றிலிருந்து உள்ளே போகும் நீளமான ரிப்பன்களாக அளந்து கொடுத்தார்கள். ரிப்பனின் முனையில் ஆறும் மாளிகையும், நடுவில் கரும்பு, கடைசியில் சைப்ரஸ் நிற்கும் சதுப்பு. மாளிகைக்கு மரமும் கொப்பரை அடுப்புக்கு விறகும் அந்தச் சதுப்பிலிருந்து வந்தன. தப்பித்து ஓடியவர்கள் போய் ஒளிந்ததும் அங்கேதான்.

ஆக்டேவ் ஜான்சன் என்பவரின் வாக்குமூலம் இருக்கிறது. விடுதலை பெற்ற அடிமைகளின் நிலையை விசாரித்த அரசு ஆணையத்திடம் 1864-இல் கொடுத்தது. பீப்பாய் செய்யும் தொழிலாளி. 1861-இல் அவரை 2,400 டாலருக்கு செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் ஒரு தோட்டத்துக்கு விற்றுவிட்டார்கள். (லூசியானாவில் மாவட்டத்துக்குப் பாரிஷ் என்று பெயர்.) ஒரு நாள் விடிவதற்கு முன்பே வேலைக்கு மணி அடித்தார்கள், இருட்டில் கண்ணே தெரியாததால் இவர் எழவில்லை. சவுக்கடி என்று தெரிந்ததும் ஓடிவிட்டார். ஒன்றரை வருடம் காட்டில் இருந்தார், மாளிகைக்குப் பின்னால் நாலு மைல் தொலைவில். மெல்ல மெல்ல முப்பது பேர் சேர்ந்தார்கள், அதில் பத்துப் பேர் பெண்கள். மரக்கட்டைகள் மேல் படுத்தார்கள், கொசுவுக்கு சைப்ரஸ் இலையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு இவர்கள் இறைச்சி கொடுக்க, அவர்கள் சோளமாவு கொடுத்தார்கள். ஒரு நாள் இருபது வேட்டைநாய்கள் துரத்தி வந்தன. எட்டைக் கொன்றுவிட்டு எல்லோரும் நீரோடையில் குதித்தார்கள். பின்னாலேயே குதித்த நாய்களில் ஆறை முதலைகள் பிடித்துக்கொண்டன. அப்போது அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தப்பியவர்கள் வடக்கு மாநிலங்களின் படை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜான்சன் அந்தப் படையிலேயே சேர்ந்துவிட்டார்.

நீங்கள் போகப்போகும் ஊர் அதே செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ். இதைக் காலையில் தெரிந்துகொண்டு மதியம் படகில் ஏறினால் அந்தத் தண்ணீர் வேறு மாதிரி தெரியும்.

பண்ணைகளில் மூன்றைப் பற்றிச் சொல்கிறேன், மூன்றும் நகரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். விளம்பரப் படங்களில் வருவது ஓக் ஆலி: இரண்டு வரிசையில் 28 ஓக் மரங்கள், கடைசியில் 1830களில் கட்டிய வெள்ளைத் தூண் மாளிகை. அழகுக்குக் குறைவில்லை. அடிமைகளின் குடிசைகளை மறுபடி கட்டி அவர்களைப் பற்றியும் சொல்கிறார்கள். ஆனால் கூட்டத்தின் கண் மரத்தையும் மாளிகையையும் விட்டு நகராது. விட்னி இதற்கு நேர் எதிர். 2014 டிசம்பரில் திறந்ததிலிருந்தே அடிமைகளின் வாழ்க்கையை மட்டும் பேசுகிற இடம். கருங்கல்லில் பெயர் பெயராகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். ஆனால் 1811-இல் அந்த ஆற்றங்கரையில் நடந்த அடிமைகளின் கிளர்ச்சியில் தலை வெட்டப்பட்டவர்களின் நினைவாக அங்கே ஒரு சிற்பத் தொகுதி உண்டு. இறந்துபோன குழந்தைகளுக்கென்று தனி நினைவிடமும் இருக்கிறது. ஒன்பது வயதில் அது இரவுத் தூக்கத்தைக் கெடுக்கலாம். வெயிலில் நடக்கவும் வேண்டும், அப்பாவின் முழங்காலுக்கு ஆகாது.

உங்கள் குடும்பத்துக்கு லாரா சரியாக இருக்கும். 1805-இல் கட்டி முடித்த கிரியோல் (அங்கேயே பிறந்து வளர்ந்த பிரெஞ்சு வம்சாவளியினர்) பாணி வீடு, செங்கல் தூண்கள் மேல் தூக்கி வைத்தது, பளிச்சென்ற வண்ணங்கள். அடிமைகள் குடியிருந்த பழைய குடிசைகள் சில இன்னும் நிற்கின்றன. அந்த வீட்டில் 1861-இல் பிறந்த லாரா லொக்கூல் தன் இளமைக்கால நினைவுகளை எழுதி வைத்துவிட்டுப் போனார், வழிகாட்டிகள் அதைக் கொண்டுதான் பேசுவார்கள். சிறுமியாக இருந்தபோது ஒரு வயதான வேலைக்காரரின் முகத்தில் இருந்த தழும்பைப் பார்த்து அவர் என்னவென்று கேட்டிருக்கிறார். ஓடிப்போக முயன்றதற்காக அந்த முதியவருக்குப் போட்ட சூட்டுத் தழும்பு அது. ஒரு குழந்தை கேட்ட கேள்வி என்பதால் இன்னொரு குழந்தைக்கும் புரியும். இதைத்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதிலாகச் சொல்வேன்: கூட்டிப் போங்கள், ஆனால் முந்தின நாளே வீட்டில் பேசிவிடுங்கள். மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள், அம்மாவையும் பிள்ளையையும் தனித்தனியாக விற்றார்கள், அவர்கள் விடாமல் எதிர்த்தார்கள், தப்பினார்கள். இவ்வளவு போதும். அம்மாவோ அப்பாவோ "நம்ம ஆட்களையும் கரும்புக்குத்தானே கப்பலேற்றினார்கள்" என்று ஆரம்பித்தால் அதையும் அவள் கேட்கட்டும். பிரிட்டிஷ் காலனிகளில் 1834-இல் அடிமைமுறை முடிந்த பிறகு மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவு தேதி இருந்தது. ஆனாலும் கதையின் சரடு ஒன்றுதான்.

லாரா வீட்டுக்குப் படி ஏற வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதும் நடப்பதுமாக இருக்கும். அப்பாவுக்கு மடக்கு நாற்காலியோ ஊன்றுகோலோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பயணக் கட்டுரைகளில் நாட்டவே மாளிகையைப் பரிந்துரைத்திருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள், 2025 மே மாதத் தீயில் அது எரிந்துபோயிற்று.

சதுப்புப் பக்கம் நான் முதலில் பார்ப்பது வரைபடத்தைத்தான். பண்ணைகள் நகரத்துக்கு மேற்கே. புகழ்பெற்ற ஹனி ஐலண்ட் சதுப்பு கிழக்கே, ஸ்லைடெல் பக்கம். இரண்டையும் சேர்த்த சுற்றுலாவை எடுத்தால் பாதி நாள் வேனிலேயே கழியும். மேற்கே லாப்ளேஸ், மான்ஷாக் பக்கமோ தெற்கே பராட்டேரியா பக்கமோ படகு ஏற்றுகிறவர்களைத் தேடுங்கள்.

படகில் இரண்டு வகை. பின்னால் பெரிய காற்றாடி வைத்த ஏர்போட் சீறிக்கொண்டு ஓடும், காதடைப்பான் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், ஓடும்போது வழிகாட்டி பேசுவது காதில் விழாது. பறவைகளும் பறந்துவிடும். உங்களுக்குக் கூரை போட்ட தட்டையடிப் படகுதான் சரி: மெதுவாகப் போகும், சாய்ந்து உட்காரலாம், சிலவற்றில் கழிப்பறையும் உண்டு. முதலையைப் பக்கத்தில் வரவழைக்கச் சில படகோட்டிகள் மார்ஷ்மெல்லோ மிட்டாயை வீசுவார்கள். எனக்கு அது பிடிக்காது. தீனிக்குப் பழகிய முதலை மனிதரைத் தேடி வர ஆரம்பிக்கும், கடைசியில் அதைச் சுட வேண்டிவரும். 1967-இல் அழியும் பட்டியலில் வைத்துப் பாதுகாத்து, 1987-இல்தான் மீண்டுவிட்டதென்று அறிவித்த பிராணி. தீனி போடாத படகா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஒரு இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க முடியுமா என்றும் கேளுங்கள்.

முதலை தவிர மகளுக்குக் காட்ட நிறைய இருக்கிறது. கட்டைமேல் இறக்கையை விரித்துக் காயவைக்கும் பாம்புத்தாரா, வெள்ளைக் கொக்குகள், கிளைகளில் சாம்பல் நிறத் தாடியாகத் தொங்கும் ஸ்பானியப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அன்னாசியின் சொந்தக்காரச் செடி. ஆரஞ்சு நிறப் பல்லோடு பெரிய எலி போல ஒன்று நீந்தினால் அது நியூட்ரியா. ரோமத்துக்காக 1930களில் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது, வேரைத் தின்று சதுப்பையே கரைக்கிறது. வால் ஒன்றுக்கு 6 டாலர் என்று மாநில அரசு வேட்டைக்காரர்களுக்குக் கொடுக்கிறது.

சாப்பாட்டுக்கு வெளிக்கடைகளை நம்ப வேண்டாம். கம்போ என்ற கெட்டிக் குழம்பிலும் ஜம்பலாயா என்ற கலந்த சோற்றிலும் இறைச்சியோ இறாலோ இருக்கும், சாதத்தோடு வரும் சிவப்பு பீன்ஸில்கூடப் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். எலுமிச்சை சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள், இந்தச் சுற்றுலாக்களில் மதிய உணவு பெரும்பாலும் நம் செலவுதான். இனிப்புக்கு, சர்க்கரையும் பீக்கன் கொட்டையும் சேர்த்துச் செய்யும் பிரலீன் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கொட்டைக்கும் அதே ஆற்றங்கரையில் ஒரு கதை உண்டு. ஓக் ஆலியில் அடிமையாக இருந்த தோட்டக்காரர் அன்ட்வான் 1840களில் பீக்கன் மரத்தில் ஒட்டுக் கட்டி வெற்றி கண்டார். அவர் கட்டிய ஒட்டிலிருந்து வந்த கொட்டை 1876-இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது. கண்காட்சியின் நினைவாக அந்த ரகத்துக்கு 'சென்டெனியல்' என்று பெயர் வைத்தார்கள்.

மார்ச் என்று முடிவானால் பள்ளி விடுமுறைக் கூட்டம் இருக்கும், ஒரு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். காலையில் லாரா, மதியம் படகு என்ற வரிசையிலேயே எடுங்கள், முதலைகள் வெயிலேறிய பிறகுதான் கரைக்கு வரும். ஓட்டலிலிருந்து ஏற்றிக்கொள்வது, பண்ணை நுழைவுச் சீட்டு, படகுக் கட்டணம் மூன்றும் விலையில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கொசு மருந்து, தொப்பி, அப்பாவுக்கு வழுக்காத செருப்பு. படகில் கையை வெளியே தொங்கவிடக் கூடாது என்று மகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்.