இரண்டு சைக்கிள்கள் மோதி என் தம்பிக்குக் கை முறிந்துவிட்டது. இடித்தவரிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

கேட்கலாம். ஆனால் பைக், கார் விபத்துக்குப் போகிற வழியில் போக முடியாது. முட்டிமோதித் திரும்பியவன் என்பதால் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்னால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பக்கம் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கல்லூரி மாணவர் ராங் சைடில், ஹேண்டில்பாரில் மாட்டிய போனைக் குனிந்து பார்த்தபடியே வந்தார். பிரேக் பிடிப்பதற்குள் இரண்டு ஹேண்டில்பாரும் கோத்துக்கொண்டன. எனக்குக் காறை எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவர் சைக்கிளில் செயின்கூடக் கழலவில்லை!

விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம் என்று வக்கீலிடம் போனேன். சிரித்தார். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சாதாரண மிதிவண்டி மோட்டார் வாகனமே இல்லை. அதனால் அந்தத் தீர்ப்பாயமும் இல்லை, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் இல்லை. சிவில் கோர்ட்டில்தான் இழப்பீட்டு வழக்குப் போட வேண்டும், அதுவும் மூன்று வருடத்துக்குள். தமிழ்நாட்டில் கேட்கிற தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். கவனக்குறைவு அவருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் நாம்தான்.

இன்னொன்றும் கேட்டார்: "உங்க லைட் எரிஞ்சுதா?" எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. (லைட் இல்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிட்ட காலமெல்லாம் ஞாபகம் வந்தது.) நம் பக்கமும் தப்பு இருந்தால் அந்த அளவுக்கு இழப்பீடு குறையும்.

போலீஸ் கேஸ் தனி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவது பற்றிய 281ஆவது பிரிவு வாகனம் என்றுதான் சொல்கிறது, சைக்கிளும் அதில் அடங்கும். எலும்பு முறிந்தால் கொடுங்காயம், 125ஆவது பிரிவில் மூன்று வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். ஆஸ்பத்திரி பில்லுக்கு அது எந்த மூலைக்கு?

கடைசியில் ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசி முடித்தோம். பில் 86,000. பையனின் அப்பா 40,000 கொடுத்தார், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வருடம் கழித்துப் பிளேட்டை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். அந்தச் செலவு முழுக்க என் தலையில்.

அதனால் தம்பியின் கட்டுப் பிரித்து, டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கேளுங்கள், எதிரே வந்த சைக்கிள் மோதியதாக அதில் இருக்கிறதா, வெறுமனே "கீழே விழுந்தார்" என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் வழக்குப் போடாமலே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசலாம். ஃபீஸ் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடித்தால் அது கோர்ட் டிக்ரிக்கு, அதாவது கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், பணம் தராமல் இழுத்தடித்தால் கோர்ட் மூலம் வசூலிக்க நிறைவேற்று மனுப் போடலாம்.