கடைக்காரருக்குப் புதுப் படம், வாடிக்கையாளருக்குப் பழைய படம்

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். எங்கள் இணையதளத்தில் புடவைப் படத்தின் மேலேயே விலையை எழுதிவிடுவது வழக்கம். தீபாவளிக்காகப் படங்களை மாற்றிய பிறகும் பழையவையே தெரிந்தன. கன்ட்ரோலையும் எஃப்5-ஐயும் சேர்த்து அழுத்தியதும் எனக்குச் சரியாகிவிட்டது. வாடிக்கையாளர்களோ செல்போனில் பழைய விலையைக் காட்டி வாக்குவாதம் செய்கிறார்கள். என்ன செய்வது?
– ஜவுளி வியாபாரி, சென்னை-21

பதில்: நீங்கள் அழுத்திய விசைகள், உங்கள் கணினியில் இருந்த பழைய பிரதியை ஒதுக்கிவிட்டு எல்லாவற்றையும் சர்வரிலிருந்து (உங்கள் தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியிலிருந்து) புதிதாகக் கொண்டுவரச் செய்தன. வாடிக்கையாளரின் செல்போனில் உள்ள பிரதியை அவை தொடுவதே இல்லை. ஆகவே, மாற்றத்தை உங்கள் தளத்தில்தான் செய்ய வேண்டும்.

ஒரு பக்கத்தை முதல் முறை திறக்கும்போதே அதிலுள்ள படங்களையும் எழுத்துருக்களையும் பிரவுசர் தன் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், சேமித்துக்கொள்கிறது. எவ்வளவு காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதை, கோப்புடன் வரும் 'கேஷ்-கன்ட்ரோல்' என்ற குறிப்பில் சர்வர் நொடிக் கணக்கில் சொல்லிவிடுகிறது. அதில் 31536000 என்றிருந்தால் ஓராண்டு என்று பொருள்; அந்தக் கெடு முடியும் வரை, அதே முகவரியிலுள்ள படத்துக்காக பிரவுசர் சர்வரைக் கேட்க வேண்டியதில்லை. குறிப்பே இல்லாவிட்டால் பிரவுசர் தானே ஒரு கெடுவை ஊகித்துக்கொள்கிறது. கோப்பு கடைசியாக மாற்றப்பட்டு எத்தனை நாளாயிற்றோ, அதில் 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். 100 நாட்களாக மாறாதிருந்த படம், அந்தக் கணக்கில், மேலும் 10 நாட்கள் எதையும் கேட்காமலே காட்டப்படும்.

எஃப்5-ஐ மட்டும் அழுத்தினால் போதாதா என்றால், பல சமயம் போதாது. குரோம் பிரவுசர் அதன் 54-ஆம் பதிப்பிலிருந்து, சாதாரண ரீலோடில் பக்கம் மாறியிருக்கிறதா என்று மட்டுமே சர்வரிடம் கேட்கிறது. கெடு முடியாத படங்களைக் கேஷிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. விலையைப் படத்துக்குள் எழுதும் உங்கள் வழக்கம்தான் இங்கே தொல்லையைப் பெரிதாக்கியிருக்கிறது.

புதுப் படத்தைப் பழைய பெயரிலேயே ஏற்றாமல், 'புடவை1' என்ற கோப்பை 'புடவை1-தீபாவளி' என்று பெயர் மாற்றி ஏற்றி, பக்கத்திலும் அந்தப் பெயரையே கொடுங்கள். முகவரி புதிது என்பதால் எல்லோருடைய பிரவுசரும் அதைப் புதிதாகவே இறக்கும். பக்கத்துக்கு மட்டும் 'நோ-கேஷ்' குறிப்பு வைக்கும்படி தளத்தை அமைத்தவரிடம் சொல்லுங்கள். அப்போது பிரவுசர் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்ட பிறகே சேமித்த பக்கத்தைக் காட்டும். மாறவில்லை என்றால் சர்வர் '304' என்ற சிறு பதிலோடு நிறுத்திக்கொள்ளும் என்பதால் வேகம் பெரிதாகக் குறையாது. விலையையும் பக்கத்தில் எழுத்தாகவே போட்டுவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஏதாவது தளம் பழைய தகவலைக் காட்டினால், பிரவுசரில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம். இது தேவையா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: அதற்காக மட்டும் என்றால் தேவையில்லை. விண்டோஸில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். அழித்தே தீர வேண்டும் என்றால் சேமித்த படங்கள், கோப்புகள் என்ற கட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். குக்கீகளையும் (தளங்கள் உங்களை அடையாளம் காண பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) சேர்த்து அழித்தால் உள்நுழைந்திருந்த தளங்களிலிருந்து வெளியேறிவிடுவீர்கள். ஆனால் ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் உங்கள் கடையில், முன்னவரின் கணக்கு திறந்தே கிடக்கக் கூடாது என்பதற்காகக் குக்கீகளை அழிப்பது வேறு விஷயம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: செல்போனில் இந்த விசைகள் இல்லையே?
– மாணவி, காசிமேடு

பதில்: பிரவுசரின் தனி உலாவல் வசதியான இன்காக்னிட்டோ டேபில் அதே முகவரியைத் திறந்து பாருங்கள், அது வழக்கமான கேஷைத் தொடாது. ஆனால் அந்த டேபும் திறந்திருக்கும் வரை தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் என்பதால், மறுமுறை பார்ப்பதற்கு முன் எல்லா இன்காக்னிட்டோ டேபுகளையும் மூடிவிடுங்கள்.