அமெரிக்காவில் சொந்த நிலத்தைக் காட்டுயிர்களுக்கு ஏற்றபடி திருத்தினால் அரசு பணம் தருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

தரும். நானே வாங்கியிருக்கிறேன். ஆனால் கைக்கு வந்த காசோலையைவிட, கட்டாமல் மிச்சமான வரிதான் எனக்குப் பெரிய தொகை. வரி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது டெக்சாஸ் மட்டும். மற்ற மாநிலத்துக்காரர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் லம்பாசஸ் பக்கம். அங்கே 43 ஏக்கர் வாங்கினோம். கல்லும் கரடும், சீடர் மரமும். முந்தைய சொந்தக்காரர் ஆடு விட்டிருந்தார். "ஏஜி எக்ஸெம்ப்ஷன் இருக்கு", அதாவது விவசாய நிலத்துக்கான வரிவிலக்கு, என்று தரகர் சொன்னதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. உண்மையில் அது விலக்கே இல்லை, மதிப்புப் போடும் முறை. சந்தை விலையைப் பார்க்காமல், மேய்ச்சலுக்கு விட்டால் அந்த நிலம் என்ன சம்பாதிக்குமோ அதை வைத்து மதிப்பிடுவார்கள். சந்தை விலைப்படி போட்டிருந்தால் எங்களுக்கு ஆண்டு வரி ஏழாயிரம் டாலரை ஒட்டி வந்திருக்கும். கட்டியது எழுபது டாலருக்கும் கீழே. சரி, அதைத் தக்கவைக்க ஆடோ மாடோ மேய வேண்டுமே! வாரம் ஐந்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் எங்கே போய் ஆடு மேய்ப்பது?

இந்தச் சிக்கலுக்கு 1995லேயே வழி செய்திருக்கிறார்கள். மக்கள் வாக்களித்து, மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. விவசாய மதிப்பீட்டில் இருக்கும் நிலத்தைக் காட்டுயிர்ப் பராமரிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், வரி மதிப்பு அப்படியே இருக்கும். டெக்சாஸில் சுமார் 95 சதவீத நிலம் தனியார் கையில். அங்கே மானையோ குருவியையோ காப்பாற்ற வேண்டுமென்றால் நிலக்காரரிடம்தான் போயாக வேண்டும். இந்தத் திருத்தம் வருவதற்கு முன்னால், வரிக்குப் பயந்தே பலர் மொட்டைக் காட்டில் மாட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிபந்தனை இதுதான். வாழிடத்தைச் சீர்செய்தல், மண்ணரிப்பைத் தடுத்தல், இரைகொல்லிகளைக் கட்டுப்படுத்துதல், தண்ணீர், தீவனம், ஒதுங்க இடம், கணக்கெடுப்பு என்று ஏழு வேலைகள். ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வேலையாவது செய்ய வேண்டும். சட்டத்தில் ஒரு வேடிக்கையான சொல் உண்டு: அந்த விலங்குகள் "மனிதப் பயன்பாட்டுக்கு" இருக்க வேண்டுமாம். வேட்டையாடினால்தானா என்று பயந்துபோய்க் கேட்டேன். பறவை பார்த்து மகிழ்வதும் பயன்பாடுதான் என்றார்கள். சிவப்பு நெருப்பெறும்புக்கு மருந்து வைப்பது இரைகொல்லிக் கட்டுப்பாட்டில் சேரும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கடி வாங்கியவர்களுக்கு அதில் மறுப்பு இருக்காது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது கணக்கெடுப்பு. மனைவி முதல் கியரில் வண்டியை ஊர்ந்தபடி ஓட்டுவாள், நான் ஸ்பாட்லைட் பிடிப்பேன், பின்சீட்டில் மகள் நோட்டுப் புத்தகத்தோடு. இருட்டில் இரண்டு பச்சைப் புள்ளி மின்னினால் ஒரு மான். முதல் ராத்திரி பதினேழு எழுதினாள். அதில் மூன்று பக்கத்து நிலத்துக் கன்றுக்குட்டிகள்.

இனி காசோலை. மத்திய வேளாண் துறையில் என்ஆர்சிஎஸ் என்று இயற்கை வளப் பாதுகாப்புக்கு ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் நடத்தும் ஈக்விப் திட்டத்தில் வாழிட வேலைகளுக்கும் பணம் உண்டு. முன்பு அதற்கென்றே 'விப்' என்று தனித் திட்டம் இருந்தது, 2014 பண்ணைச் சட்டத்தில் அதை ஈக்விப்போடு சேர்த்துவிட்டார்கள். செலவில் 75 சதவீதம்வரை தருவார்கள். விவசாயத்துக்கு வந்து பத்தாண்டு ஆகாதவர்களுக்கு 90 வரை போகலாம், ஒரு பகுதியை முன்பணமாகவும் கேட்கலாம். நம்மில் பலர் இந்த வகையில் வருவோம், வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் நீங்கள் கொடுத்த பில்லைப் பார்த்துத் தருவதில்லை. புதர் வெட்ட ஏக்கருக்கு இவ்வளவு, புல் விதைக்க இவ்வளவு என்று அவர்களிடம் ஓர் அட்டவணை இருக்கும், அதன்படிதான். நீங்கள் அதிகக் கூலிக்கு ஆள் பிடித்தால் அது உங்கள் பாடு.

நான் கோட்டை விட்ட இடத்தைச் சொல்கிறேன். ஈக்விப்புக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, வேளாண் துறையிடம் நிலத்தைப் பதிந்து பண்ணை எண் வாங்கியாயிற்று. அப்புறம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்த இடைவெளியில், சீடர் வெட்டும் இயந்திரக்காரர் பக்கத்து நிலத்துக்கு வந்திருந்தார். வந்ததுதான் வந்தார், வண்டிக் கூலி மிச்சம் என்று எங்கள் நிலத்தில் நாலு ஏக்கரை வெட்டச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் திட்ட அலுவலர் வந்தார். கோபப்படவில்லை. புதுசாக வெட்டிய அடிக்கட்டையைப் பூட்ஸ் நுனியால் தட்டிப் பார்த்தார், வரைபடத்தை எடுத்தார், அந்த நாலு ஏக்கரைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் தொடங்கிய வேலைக்கு ஒரு காசு கிடையாது. விதி படிவத்திலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. நான் சீடரை நம்மூர்ச் சீமைக் கருவேலம் மாதிரி நினைத்திருந்தேன், வேரோடு போனால் நல்லது என்று. அவர் வயதான ஒரு மரத்தருகே போய், நார் நாராகத் தொங்கிய பட்டையில் ஒரு கீற்றை உரித்துக் கையில் கொடுத்தார். கோல்டன் சீக்டு வார்ப்ளர் என்று கன்னம் மஞ்சளான ஒரு குட்டிப் பறவை, உலகத்திலேயே மத்திய டெக்சாஸில் மட்டும்தான் கூடு கட்டுகிறது. இந்தக் கீற்றையும் சிலந்தி வலையையும் சேர்த்துத்தான் கட்டுகிறது. இளம் சீடரில் பட்டை இப்படி உரியாது. 1990 முதல் அது அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே சரிவில் ஓக் மரங்களோடு கலந்து நிற்கும் கிழட்டுச் சீடரைத் தொடக்கூடாது. சமவெளியில் பரவியிருக்கும் இளசுகளை வெட்டலாம், அதுவும் கூடு கட்டும் பருவம் கழிந்து. நான் வெட்டிய நாலு ஏக்கர் நல்லவேளையாகச் சமவெளி.

வெட்டிய இடத்தில் லிட்டில் புளூஸ்டெம், சைட்ஓட்ஸ் கிராமா போன்ற உள்ளூர்ப் புல் விதைத்தோம். அப்போது ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். "புல்லைப் புடுங்கத்தான்டா கூலி குடுப்பாங்க, நீ விதைக்கக் குடுக்குறே" என்று இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாள், வேலியோரம் முன்பே இருந்த புல்லைக் கைத்தடியால் விலக்கிப் பார்த்தார். குத்துக் குத்தாக வளர்கிற புல், நடுவே வெறும் தரை. "இதுக்குள்ள காடை ஓடும்" என்றார். சின்ன வயதில் கண்ணி வைத்துக் காடை பிடித்தவர் அவர். பாய் விரித்த மாதிரிப் படரும் பெர்முடா புல்லுக்குள் பாப்ஒயிட் காடையின் குஞ்சால் நடக்கவே முடியாது என்று அலுவலர் அரைமணி நேரம் விளக்கியதும் இதைத்தான்.

வரவு செலவைக் கேட்டால்: வேலைகளுக்கு நான் போட்டதில் பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்தது. அந்த நாலு ஏக்கர் இல்லாவிட்டால் இன்னும் வந்திருக்கும். வந்த பணத்துக்கு 1099-ஜி படிவமும் கூடவே வரும், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். இதில் லாபம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எப்படியும் செய்யப்போகிற வேலைக்குக் கைத்தாங்கல், அவ்வளவே. நாளைக்கே மனம் மாறி மனை போட்டு விற்றால், முந்தைய 3 ஆண்டுகளுக்கு மிச்சம் பிடித்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

டெக்சாஸில் நிலம் வாங்கப் போகிறீர்கள் என்றால், தரகர் சொல்வதை விட்டுவிட்டு, கவுன்டி மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் அந்த நிலம் இப்போது எந்த மதிப்பீட்டில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். விவசாய மதிப்பீட்டில் இல்லாத நிலத்தை நேரே காட்டுயிருக்கு மாற்ற முடியாது. பெரிய பண்ணையிலிருந்து துண்டு போட்டு விற்றதா என்றும் கேளுங்கள், அப்படியென்றால் குறைந்தபட்சப் பரப்பு விதி வந்து நிற்கும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. மாநிலப் பூங்கா, காட்டுயிர்த் துறையின் உயிரியலாளரைக் கூப்பிட்டால் இலவசமாகவே நிலத்துக்கு வந்து திட்டம் எழுத உதவுவார். அவரும் ஈக்விப் ஆளும் வந்து பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும்வரை ரம்பம் ஷெட்டிலேயே இருக்கட்டும்.