ஒரே போன், ரெண்டு விமர்சனம்: யாரை நம்புவது?

"புதுப் போனை ஒருவர் பேட்டரி அருமை என்கிறார், இன்னொருவர் சூடாகிறது என்கிறார், யாரை நம்ப?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். முதலில், அவர்கள் கையில் இருந்தது நம் ஊர்ப் போனா என்று பாருங்கள். 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24 அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் சிப்போடு விற்றது. மலேசியாவில் எக்சினோஸ் 2400. பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் மூளை வேறு. (அதே வரிசையின் உயர்ரக மாடலான எஸ்24 அல்ட்ராவுக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஸ்னாப்டிராகன்தான்.) அமெரிக்கர் சொன்ன பேட்டரிக் கணக்கை வைத்துக்கொண்டு கோலாலம்பூரில் சண்டை போட்டால் எப்படி?

அடுத்தது வெயில். ஏர்கோன் அறையில் சோதித்த போனும், மதியம் புக்கிட் பிந்தாங் நெரிசலில் 33 டிகிரியில் மேப் ஓட்டும் போனும் ஒன்றல்ல. சூடு ஏறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திரையும் மங்கும். என் மச்சான் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். ஏர்கோன் காற்று நேராகப் படுகிற இடத்தில்தான் போனை மாட்டியிருக்கிறான். சூடு விஷயத்தில் நான் அவன் பேச்சைத்தான் கேட்பேன்.

கேமரா சண்டைக்கு நான் வரவில்லை, அது அவரவர் ரசனை. கோலாலம்பூர் லோ யாட் போன் கடைகள் பக்கம் போய் டெமோ செட்டில் நீங்களே நாலு படம் எடுத்துப் பாருங்கள். அப்படியே ஒரிஜினல் செட்டா, ஏபி செட்டா (கம்பெனியின் மலேசிய விநியோகம் வழியாக வராமல் வெளியிலிருந்து இறக்கியது) என்றும் கேட்டுவிடுங்கள்.