ஒன்பது மெஷினுக்கு ஐஓடி தேவையா? ஜாப் ஆர்டர் பட்டறைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் யூனிட் வைத்திருக்கிறேன். ஐந்து சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) லேத், மூன்று விஎம்சி (செங்குத்து மில்லிங் மெஷின்), இருபது வருடப் பழைய சிஎன்சி லேத் ஒன்று. மெஷினை ஓட்டும் கண்ட்ரோல் பெரும்பாலும் ஃபேனக், இரண்டில் மட்டும் சீமென்ஸ். பம்ப் ஷாஃப்ட், வால்வு பாடி, கொஞ்சம் ஆட்டோ பாகங்கள் செய்கிறோம். எங்கள் பெரிய கஸ்டமர், "மெஷின் டேட்டாவை ஆன்லைனில் காட்டுங்கள்" என்கிறார். சென்சார், கிளவுட், டாஷ்போர்டு, ஏஐ எல்லாம் சேர்த்து, மெஷினை இன்டர்நெட்டில் இணைக்கும் ஐஓடி சிஸ்டம் என்று ஒரு கம்பெனி பதினோரு லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. வருட சந்தா தனி. மகன் போடலாம் என்கிறான், சூப்பர்வைசர் வேண்டவே வேண்டாம் என்கிறார். எது சரி? பழைய மெஷினையும் இணைக்க முடியுமா? எங்கள் புரோகிராம் வெளியே போய்விடாதா?

பதில்: கொட்டேஷன் ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் ஒரு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

உங்கள் ஃபேனக் மெஷினில் ஆஃப்செட் செட்டிங் பட்டனை அழுத்தி, செட்டிங் பக்கத்தைக் கீழே தள்ளிப் பாருங்கள். பார்ட்ஸ் கவுண்ட், பவர் ஆன், ஆபரேட்டிங் டைம், கட்டிங் டைம், சைக்கிள் டைம் என்று ஒரு திரை வரும். மெஷின் தன் கணக்கைத் தானே எழுதிக்கொண்டு வருகிறது, நம் ஊரில் யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். பராமீட்டரில் பார்ப்பதென்றால் பவர் ஆன் 6750, ஆபரேட்டிங் டைம் 6752, கட்டிங் டைம் 6754. மூன்றும் நிமிடக் கணக்கு. ஷிஃப்ட் தொடங்கும்போது ஒருமுறையும் முடியும்போது ஒருமுறையும் குறித்துக் கழித்தால் அன்றைய கணக்கு வந்துவிடும்.

உதாரணத்துக்கு ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம், 480 நிமிடம். ஆபரேட்டிங் டைம் 264, கட்டிங் டைம் 190 என்று வருகிறது. அதாவது புரோகிராம் ஓடியது 55 சதவீத நேரம்தான், 216 நிமிடம் மெஷின் சும்மா நின்றிருக்கிறது. ஓடிய 264-லும் 74 நிமிடம் ராபிட் (வெட்டாமல் வேகமாக நகர்வது), டூல் சேஞ்ச், டுவெல் (ஓரிடத்தில் காத்து நிற்பது) என்று போயிருக்கிறது. கட்டிங் டைம் என்பதும் ஃபீடில் (வெட்டுவதற்கான வேகத்தில்) நகர்ந்த நேரம்தான். டூல் இரும்பை வெட்டியதா காற்றை வெட்டியதா என்று கண்ட்ரோலுக்குத் தெரியாது. புரோகிராமில் அப்ரோச் தூரம் தாராளமாக விட்டிருந்தால் அதுவும் கட்டிங் என்றே கணக்காகும்.

அந்த 216 நிமிடம் எதற்குப் போனது? பதினோரு லட்ச ரூபாய் சிஸ்டம் இந்த 216-ஐ வினாடி சுத்தமாக, கலர் கலராகக் காட்டும். காரணத்தை மட்டும் மனிதர்தான் சொல்ல வேண்டும். இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) தேடிப் போனாரா, முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனுக்காகக் காத்திருந்தாரா, ராடு வரவில்லையா, கரண்ட் போனதா, செட்டர் பக்கத்து மெஷினில் மாட்டிக்கொண்டாரா? இவற்றைச் சொல்ல மெஷின் பக்கத்தில் ஆபரேட்டர் அழுத்த ஒரு சின்னத் திரையோ பட்டன் பெட்டியோ வேண்டும். அதில் ஆறேழு காரணத்துக்கு மேல் வைக்காதீர்கள். இருபது வைத்தால் கைக்கு முதலில் எட்டுவதைத்தான் அழுத்துவார்கள், மாதக் கடைசியில் "மற்றவை" என்ற தலைப்பில் பாதி நேரம் கிடக்கும். அப்புறம் அந்த ரிப்போர்ட்டை யாரும் திறக்க மாட்டார்கள்.

மெஷின்களை இப்படி நெட்வொர்க்கில் இணைப்பதற்குச் சொல்லும் இன்டஸ்ட்ரி 4.0 என்ற பெயர் 2011-ல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் பரவலாக அடிபடத் தொடங்கியது. மெஷின்கள் ஒன்றோடொன்று பேசுவது அதற்கெல்லாம் முன்பே இருந்த சங்கதி. எனர்ஜி மீட்டர்களும் டிரைவ்களும் இன்றும் பேசுகிற மாட்பஸ் என்ற தகவல் மொழி 1979-ல் வந்தது. ஐஓடிக்காரர்கள் சொல்லும் எம்க்யூடிடி என்ற தகவல் அனுப்பும் முறை 1999-ல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவானது. இப்போது மாறியிருப்பது விலை. அன்று பெரிய ஆலைகளுக்கு மட்டும் கட்டுப்படியான வேலையை இன்று சில ஆயிரம் ரூபாய் கேட்வே (மெஷின் டேட்டாவை எடுத்து வெளியே அனுப்பும் சின்னப் பெட்டி) செய்துவிடுகிறது. அதனால் ஒன்பது மெஷினுக்கும் ஒரே மூச்சில் போட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உங்கள் டெலிவரியைத் தாமதப்படுத்துகிற மெஷின் எதுவோ, அதில் மட்டும் தொடங்குங்கள். எது என்று சூப்பர்வைசரைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்.

இணைப்பு விஷயம். ஈதர்நெட் போர்ட் உள்ள ஃபேனக் என்றால் ஃபோகாஸ் என்ற லைப்ரரி வழியாக நிலை, அலாரம், பார்ட்ஸ் கவுண்ட், ஸ்பிண்டில் லோடு எல்லாம் எடுக்கலாம். தனி சென்சார் தேவையே இல்லை. உங்கள் கொட்டேஷனில் அந்த மெஷின்களுக்கும் சென்சார் விலை போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீமென்ஸில் ஓபிசி யுஏ என்ற டேட்டா எடுக்கும் வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி லைசன்ஸ் வாங்க வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு கொட்டேஷனில் சேர்ந்திருக்கிறதா, பிறகு "எக்ஸ்ட்ரா" என்று வருமா என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பழைய லேத்தும் இணையும். அதன் டவர் லாம்பில் பச்சை எரிய 24 வோல்ட் வருகிறது அல்லவா? அந்த ஒயரிலிருந்து ஒரு ஐசொலேட்டர் (இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் பாகம்) வழியாகச் சிக்னல் எடுத்தால் மெஷின் ஓடுகிறதா, நிற்கிறதா என்பது தெரியும். ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகும் ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப் சிடி (கரண்டை அளக்கும் வளையம்) மாட்டினால் கரண்ட் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். இரும்பை வெட்டும்போது ஏறும், காற்றில் நகரும்போது விழும். ஏறி இறங்கும் அந்தப் பேட்டர்னிலிருந்தே எத்தனை பீஸ் முடிந்தது என்று எண்ணிவிடலாம். புது மெஷினின் கட்டிங் டைம் சொல்லாததைப் பழைய லேத்தின் ஒயரில் மாட்டிய சிடி சொல்லிவிடும். எனக்கு இதில் எப்போதும் ஒரு தனிச் சந்தோஷம்.

கஸ்டமர் கேட்பதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். அவருக்கு உண்மையில் வேண்டியது இரண்டு: ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது, நாளை ஒரு பாகத்தில் குறை வந்தால் அது எந்த ஹீட் நம்பர் (உலோகம் உருக்கிய தொகுதி எண்) மெட்டீரியல், எந்த மெஷின், எந்த நாள் என்று பின்னோக்கிப் போக முடியுமா. ஆட்டோ பாகம் செய்கிறவர் இந்த இரண்டாவதற்கு எப்படியும் தயாராக வேண்டும். டிரேயில் ஒட்டும் கியூஆர் ஸ்டிக்கரும் ஒழுங்கான பதிவும் அதில் பாதி தூரம் கொண்டுபோய்விடும். மெஷினின் நேரடித் திரையை அப்படியே அவருக்குத் திறந்துவிடாதீர்கள். உங்கள் சைக்கிள் டைம் அவர் பர்ச்சேஸ் ஆளின் கையில் கிடைத்த அன்று, அடுத்த ரேட் பேச்சு அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். ஃபிக்ஸரை மாற்றி, நல்ல இன்செர்ட் போட்டு நீங்கள் மிச்சம் பிடித்த நாற்பது வினாடி அவருடைய டிஸ்கவுண்ட் ஆகிவிடும். முடிந்த எண்ணிக்கை, இன்ஸ்பெக்‌ஷன் ரிசல்ட், டிஸ்பாட்ச் தேதி, இந்த மூன்றும் போகட்டும். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எந்த டேட்டா, எதற்காக, ரேட் பேச்சில் பயன்படுத்தலாமா கூடாதா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

புரோகிராம் வெளியே போகுமா என்ற பயம் நியாயமானது. மெஷின் நிலையை மட்டும் படிக்கும் இணைப்புக்கு உங்கள் புரோகிராம் தேவையில்லை. ஆனால் அதே ஈதர்நெட் வழியாகப் புரோகிராமைப் படிக்கவும் எழுதவும் முடியும் என்பதால், எது திறந்திருக்கிறது என்று கேட்டு மூடச் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து வைரஸ். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி சிப் ஆலைகளில், புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்ததால் வான்னாக்ரை வகை வைரஸ் பரவி உற்பத்தி நின்றது. 2019 மார்ச்சில் நார்வேயின் நோர்ஸ்க் ஹைட்ரோ அலுமினிய நிறுவனம் ரான்சம்வேரில் (டேட்டாவைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) மாட்டி, பல ஆலைகளில் கையால் ஓட்டும் நிலைக்கு வந்தது. அவர்களிடம் ஐடி படையே இருந்தது. உங்களிடம் டேலி ஓடும் கம்ப்யூட்டரும், ஆபீஸ் வைஃபையும், எல்லாருடைய பாக்கெட்டிலும் ஒரு பென்டிரைவும் இருக்கின்றன. மெஷின்களுக்குத் தனி நெட்வொர்க் போடுங்கள். கேட்வே உள்ளிருந்து வெளியே அனுப்பட்டும், வெளியிலிருந்து உள்ளே வரும் வழி மூடியே இருக்கட்டும். சர்வீஸ் இன்ஜினியருக்கு ரிமோட் ஆக்சஸ் வேண்டும் என்றால், அவர் ஃபோன் செய்த பிறகு திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள்.

கொட்டேஷனில் உள்ள "ஏஐ பிரெடிக்டிவ் மெயின்டனன்ஸ்" வரியை இப்போதைக்கு அடித்துவிடலாம். பேரிங் போகப் போவதை வைப்ரேஷனை வைத்துச் சொல்ல முடியும் என்பது உண்மை. ஆனால் தினமும் வேறு வேறு ஜாப், வேறு வேறு ஸ்பீடு ஓடும் பட்டறையில் எது இயல்பான அதிர்வு என்று சிஸ்டம் கற்றுக்கொள்ளவே நாளாகும். ஒரே வேகத்தில் நாள் முழுக்க ஓடும் பம்ப், புளோயர், கம்ப்ரஸருக்கு அது நன்றாகப் பொருந்தும்.

கம்ப்ரஸர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. எல்லா மெஷினும் நின்ற ஞாயிற்றுக்கிழமை அதை மட்டும் ஓட விட்டு, எத்தனை வினாடி லோடில் (காற்றை அழுத்திக்கொண்டு), எத்தனை வினாடி அன்லோடில் (அழுத்தாமல் சும்மா) இருக்கிறது என்று வாட்ச்சில் பாருங்கள். யாருமே காற்றை எடுக்காதபோது 40 வினாடி லோடு, 80 வினாடி அன்லோடு என்றால், கம்ப்ரஸரின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு லீக்கில் போகிறது. மாட்பஸ் உள்ள எனர்ஜி மீட்டர் ஒன்றை அதில் மாட்டினால் வாராவாரம் இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளலாம். ஒன்பது மெஷினுக்குச் சென்சார் போடுவதைவிட இது சீக்கிரம் காசைத் திருப்பித் தரும் என்பது என் கணிப்பு.

சூப்பர்வைசர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? பெரும்பாலும் கேமரா பயம்தான். சிவப்பு லைட் எரிந்தால் ஆளைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், சம்பளத்தில் கை வைப்பார்கள் என்ற பயம். முதல் மாத டேட்டாவை வைத்து யாரையாவது திட்டினால் இரண்டாம் மாதம் வருவது பொய் டேட்டாவாகத்தான் இருக்கும். காரணப் பட்டியலை அவரையே தயாரிக்கச் சொல்லுங்கள். தினமும் காலை பத்து நிமிடம், நேற்று மெஷின் அதிகம் நின்ற காரணம் ஒன்றை மட்டும் எடுத்து, அதைத் தீர்க்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் போடுங்கள். ஆபரேட்டர் "இன்செர்ட் இல்லை" என்று அழுத்தியதால் ஸ்டோர் ஒழுங்கானது என்று தெரிந்தால் மறுநாளும் உண்மையை அழுத்துவார். ஓஈஈ (மெஷினின் மொத்தச் செயல்திறன்) என்ற ஒற்றை சதவீதத்தைச் சுவரில் மாட்டி ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் போட்டி வைக்காதீர்கள். ஓடிய நேரம், வேகம், தரம் மூன்றும் தலா 90 சதவீதம் என்றாலே பெருக்கினால் 73-க்குப் பக்கத்தில்தான் வரும். அந்த எண்ணை உயர்த்தச் சுலபமான வழி, நின்ற நேரத்தை "பிளான்டு ஸ்டாப்" என்று எழுதிவிடுவது.

மகனிடம் சொல்லுங்கள்: ஒரு மெஷின், மூன்று மாதம், அதன் பிறகே அடுத்தது. விற்பனைக்காரரிடம் இரண்டு விஷயம் எழுதி வாங்கட்டும். இன்டர்நெட் போனால் கேட்வே டேட்டாவைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும். சந்தாவை நிறுத்தினாலும் பழைய டேட்டா முழுவதும் எக்செலில் திறக்கிற மாதிரி கைக்கு வர வேண்டும். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். சென்னையில் தமிழக அரசு நிறுவனமான டிட்கோவும் சீமென்ஸும் சேர்ந்து அமைத்த டான்சாம் என்ற ஸ்மார்ட் உற்பத்தி மையம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் மகன் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

கடைசியாக ஒன்று. யாரையும் எலக்ட்ரிக்கல் பேனலைத் திறக்க விடுவதற்கு முன், ஒன்பது மெஷினின் பராமீட்டர், பிஎம்சி லேடர் (மெஷினின் உள் கட்டுப்பாட்டு லாஜிக்), புரோகிராம் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய லேத்தின் மெமரி பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதையும் பாருங்கள். மாற்றும்போது மெஷின் பவர் ஆனில் இருக்க வேண்டும். ஆஃபில் கழற்றினால் பராமீட்டர் மொத்தமும் போய்விடக்கூடும்.